டைப் 1 சர்க்கரை உள்ள குழந்தையோடு வாழ்வது: முதல் நாளிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகளுக்கு 7 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. இப்போது அவளுக்கு 15 வயது. அவள் மருத்துவமனையில் படுத்திருந்த முதல் வாரத்தில், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வரிசையாகச் சொல்லமாட்டார்களா என்று ஏங்கினேன். அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். இன்சுலின் அளவை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அது போக வீட்டில் நம் கையில் இருக்கும் வேலையே நிறைய.

முதல் படி: சந்தேகம் வந்த அன்றே ஒரு துளி ரத்தம்

குழந்தை ஓயாமல் தண்ணீர் கேட்கும். அடிக்கடி சிறுநீர் கழிக்கும். படுக்கையை நனைக்கும் பழக்கத்தை எப்போதோ விட்ட பிள்ளை மறுபடி நனைக்கும். நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கும். விளையாடப் போகாமல் சுருண்டு படுக்கும். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை எங்கள் வீட்டில் முதலில் கவனித்தது என் மாமியார்.

இவை சேர்ந்து வந்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோமீட்டர் இருக்கும். விரல் நுனியில் ஒரு துளி ரத்தம், சில விநாடிகளில் விடை. இந்த அறிகுறிகள் இருக்கும்போது, சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும், ரத்தச் சர்க்கரை 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அன்றே குழந்தைகள் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வாந்தி, வயிற்று வலி என்று ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனோம். வயிற்றுக் கோளாறு என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் விடிகாலையில் அவளுக்கு மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்கியது. வாயில் அழுகிய பழ வாடை. மூன்று நாள் ஐசியூவில் இருந்தாள். இதைக் கீட்டோஅசிடோசிஸ் என்கிறார்கள். இன்சுலின் இல்லாததால் உடலால் சர்க்கரையைப் பயன்படுத்த முடியாது. கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அப்போது உண்டாகும் கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். வாந்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்றும், மூச்சு வாங்குவதைப் பார்த்து வீசிங் என்றும் நினைத்துவிடுவது உலகம் முழுவதும் நடக்கிறது. ஒரு அடையாளத்தை மட்டும் மனதில் வையுங்கள். சாதாரணமாக வாந்தி எடுக்கும் குழந்தைக்கு உடம்பில் நீர் வற்றிச் சிறுநீர் குறையும். வாந்தியும் எடுத்து, சிறுநீரும் நிறையப் போனால், "டாக்டர், ஒரு தடவை சுகர் பார்த்துவிடுங்களேன்" என்று நீங்களாகவே கேளுங்கள்.

இரண்டாம் படி: வீட்டில் எல்லாருக்கும் ஒரே விளக்கம்

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே தவறாகத் தாக்கி அழித்துவிடுவதுதான் டைப் 1. மிட்டாய் தின்றதால் வரவில்லை. கர்ப்பத்தில் தாய் எதையோ சாப்பிட்டதால் வரவில்லை. தாத்தாவுக்கு இருக்கும் சர்க்கரை நோய் வேறு, இது வேறு. தாத்தாவின் உடலில் இன்சுலின் ஓரளவு சுரக்கிறது, அதனால் மாத்திரை வேலை செய்கிறது. குழந்தையின் உடலில் சுரப்பே நின்றுபோகிறது, அதனால் வெளியிலிருந்து கொடுத்தே ஆக வேண்டும்.

இதை நான் எங்கள் வீட்டில் சொன்ன விதம்: "இன்சுலின் இவளுக்கு மருந்து இல்லை, தண்ணீர் மாதிரி. தண்ணீரை யாராவது ஒரு நாள் நிறுத்திப் பார்ப்பார்களா?" அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா எல்லாருக்கும் இதையேதான் சொன்னேன். பின்னால் சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

நூறு ஆண்டுக்கு முன்னால் இந்தக் குழந்தைகளுக்குத் தருவதற்கு எதுவுமே கிடையாது. பட்டினி போட்டு ஆயுளைச் சில மாதங்கள் நீட்டுவார்கள், அவ்வளவுதான். 1921இல் கனடாவின் டொராண்டோவில் பாண்டிங், பெஸ்ட் இருவரும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தார்கள். 1922 ஜனவரி 11 அன்று லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போட்டார்கள். மருந்து சுத்தமாக இல்லாததால் அது சரியாக வேலை செய்யவில்லை. காலிப் என்ற வேதியியலாளர் அதைச் சுத்திகரித்துக் கொடுக்க, ஜனவரி 23 அன்று மறுபடி போட்டார்கள். சிறுவனின் சர்க்கரை இறங்கியது. ஐசியூ வாசலில் செல்போனில் இதைப் படித்துவிட்டு நான் அழுதேன். அந்தப் புட்டி இப்போது நம் ஊர் மருந்துக் கடையில் கிடைக்கிறது. அரசு மருத்துவமனைகளில் விலையில்லாமலும் தருகிறார்கள். செலவு பயமுறுத்தினால் முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.

மூன்றாம் படி: புட்டியும் சிரிஞ்சும் பொருந்துகிறதா?

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். நம் நாட்டில் இன்சுலின் இரண்டு அடர்த்திகளில் வருகிறது. புட்டிகளில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனா வடிவ ஊசிக் கருவியில் போடும் கார்ட்ரிஜில் (மருந்துக் குப்பி) ஒரு மில்லிக்கு 100 யூனிட். 40 யூனிட் புட்டிக்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100 யூனிட்டுக்கானது ஆரஞ்சு. இரண்டையும் மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு தவறும். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். பேனா கார்ட்ரிஜிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் 25 யூனிட் போய்விடும். அது உயிருக்கே ஆபத்து. கடைக்காரர் "இதுவும் அதேதாம்மா" என்று சொல்லிக் கொடுத்தாலும் மூடியின் நிறத்தையும் புட்டியில் உள்ள எண்ணையும் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பொதுவாக இரண்டு வகை இன்சுலின் தருவார்கள். ஒன்று நாள் முழுவதும் மெதுவாக வேலை செய்வது, மற்றது சாப்பாட்டுக்கானது. சாப்பாட்டு இன்சுலின் பழைய ரகமானால் சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பு, புதிய வேக ரகமானால் 10, 15 நிமிடம் முன்பு. கலங்கலாக இருக்கும் ரகத்தைக் குலுக்கக் கூடாது. உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்ட வேண்டும்.

வயிறு, தொடை, பிட்டம், மேல்கை என்று இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். வலி குறைவு என்று குழந்தை ஒரே இடத்தையே காட்டும். அங்கே தோலுக்கடியில் கொழுப்பு கட்டிபோல் திரண்டு, மருந்து ஒழுங்காக ஏறாமல் போகும். காரணமே தெரியாமல் சர்க்கரை ஏறி இறங்கினால் முதலில் ஊசி போடும் இடங்களைத் தடவிப் பாருங்கள். எங்களுக்கு இது புரிய இரண்டு வருடமானது. பேனாவானால் மருந்தை அழுத்தியதும் பத்து எண்ணிவிட்டு ஊசியை எடுங்கள். போட்ட ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மூடி வையுங்கள். குப்பை அள்ளுகிறவர்களின் கையைக் குத்திவிடக் கூடாது.

நான்காம் படி: வெயிலிலிருந்து காப்பாற்றுங்கள்

திறக்காத புட்டி ஃபிரிட்ஜின் கதவுப் பக்கம், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃபிரீசரில் வைத்து உறைந்துவிட்டால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். திறந்த புட்டி பொதுவாக 28 நாள் தாங்கும். திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவிடுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானை கைகொடுக்கும். பெரிய பானைக்குள் சிறிய பானை, நடுவில் ஈர மணல், சிறிய பானைக்குள் தண்ணீர் படாமல் டப்பாவில் மருந்து. இதை ஆராய்ச்சியாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். காற்று உலர்ந்த ஊர்களில் வெளி வெப்பத்தைவிட நன்றாகவே குளிர்கிறது. கடலோரப் புழுக்கத்தில் அந்த அளவுக்குக் குளிராது. நிறுத்தி வைத்த காருக்குள் ஐந்து நிமிடம்கூட இன்சுலினை விட்டுப் போகாதீர்கள்.

ஐந்தாம் படி: சோதனை

சாப்பாட்டுக்கு முன்னால் மூன்று வேளை, படுக்கும் முன் ஒன்று என்பது அடிப்படை. கையைக் கழுவித் துடைத்துவிட்டு எடுங்கள். மாம்பழம் தொட்ட விரலில் எடுத்தால் 300 காட்டும். அதை நம்பி ஊசி போட்டால் விபரீதம். நுனியின் நடுவில் குத்தாமல் விரலின் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். எண்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். என்ன சாப்பிட்டாள், எவ்வளவு ஓடினாள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அது இல்லாமல் எண்ணை மட்டும் பார்த்து மருத்துவரால் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. உடலில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து காட்டும் சென்சார் வாங்க வசதி இருந்தால் குத்துவது மிகவும் குறையும்.

இன்னொன்று. எண் கூடுதலாக வந்தால் "என்ன தின்னே?" என்று அதட்டாதீர்கள். நான் அதட்டினேன். அவள் நோட்டில் பொய் எண்களை எழுத ஆரம்பித்தாள். அந்த மூன்று மாதத்தில் இழந்த நம்பிக்கையைத் திரும்பப் பெற எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

ஆறாம் படி: சாப்பாட்டுக் கணக்கு

தனிச் சமையல் தேவையில்லை. ஆனால் எதில் எவ்வளவு மாவுச்சத்து என்று தெரிந்திருக்க வேண்டும். நடுத்தர இட்லி ஒன்றில் சுமார் 10 முதல் 15 கிராம். 200 மில்லி கப்பில் ஒரு கப் சோறு என்றால் 45 கிராம் அளவில். சின்ன வாழைப்பழம் 15 கிராம். முட்டை, மீன், கோழியில் கிட்டத்தட்ட இல்லை.

ஒரு யூனிட் இன்சுலின் எத்தனை கிராம் மாவுச்சத்தைத் தாங்கும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: 500ஐ ஒரு நாளின் மொத்த இன்சுலினால் வகுப்பது. நாளுக்கு 20 யூனிட் போடும் குழந்தைக்கு ஒரு யூனிட்டுக்கு 25 கிராம். மூன்று இட்லியில் 36 கிராம் என்று வைத்தால் ஒன்றரை யூனிட். இந்தக் கணக்கை உங்கள் மருத்துவரிடம் காட்டி, உங்கள் குழந்தைக்கான எண்ணை வாங்கிக்கொண்ட பிறகுதான் பயன்படுத்த வேண்டும். வேளைக்கு வேளை அது மாறும்; எங்கள் வீட்டில் காலை வேளைக்குத்தான் எப்போதும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

கல்யாணம், பொங்கல், பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் கூட்டிப் போங்கள். பந்தியில் உட்காருவதற்கு முன் அவளோடு சேர்ந்து இலையை எண்ணிப் பார்ப்போம். பாயசம் வேண்டுமென்றால் சோற்றைக் குறைப்பாள். அளந்து கொடுத்தால் திருட்டுத்தனமாகத் தின்ன வேண்டிய அவசியம் வராது.

ஏழாம் படி: லோ

சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் லோ. கை நடுக்கம், வியர்வை, வெளிறிய முகம், திடீர்ப் பசி, காரணமில்லாத அழுகை, கோபம். என் மகள் லோவானால் பேசுவதை நிறுத்திவிடுவாள். அதுதான் எங்களுக்கு அடையாளம். உங்கள் குழந்தையின் அடையாளத்தை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

உடனே வேகமாக ஏறும் சர்க்கரை கொடுங்கள். எடை ஒரு கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ் என்பது குழந்தைகளுக்கான கணக்கு: 20 கிலோ குழந்தைக்கு 6 கிராம், 30 கிலோவுக்கு 9 கிராம். பெரியவர்களுக்குச் சொல்லும் 15 கிராம் சின்னக் குழந்தைக்கு அதிகம். குளுக்கோஸ் பொடி நல்லது. இல்லையென்றால் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சாக்லேட்டும் பாலும் வேண்டாம். கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், இன்னும் 70க்குக் கீழே இருந்தால் மறுபடி கொடுங்கள். அந்த 15 நிமிடம் மிக நீளமாகத் தெரியும். பயத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் ஊட்டினால் ஒரு மணி நேரத்தில் 350ல் நிற்கும்.

மயங்கிவிட்டால், வலிப்பு வந்தால், வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி வைத்திருந்தால் போடுங்கள். இல்லையென்றால் 108ஐ அழையுங்கள். இந்த ஊசி எல்லாக் கடையிலும் கிடைக்காது. எங்கே கிடைக்கும் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

சாயங்காலம் வெகுநேரம் ஓடி விளையாடிய நாளில் லோ நள்ளிரவில்கூட வரும். தசைகள் அப்போதும் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். அன்றைக்குப் படுக்கும் முன் கட்டாயம் பாருங்கள், முடிந்தால் இரவு 2 மணிக்கும். அதற்காக விளையாட்டை நிறுத்திவிடாதீர்கள். கிரிக்கெட் பிடித்த பிள்ளையானால் வாசிம் அக்ரமைப் பற்றிச் சொல்லுங்கள். முப்பது வயதை ஒட்டி டைப் 1 வந்த பிறகுதான் அவர் 1999 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பாகிஸ்தானுக்குத் தலைமை தாங்கினார்.

எட்டாம் படி: காய்ச்சல் நாட்கள்

"சாப்பிடவே இல்லை, ஊசி எதற்கு?" என்று தோன்றும். மறுபடியும் ஐசியூவுக்குப் போகிற குழந்தைகளில் பலர் இப்படித்தான் போகிறார்கள். காய்ச்சலில் உடலுக்கு இன்சுலின் கூடுதலாகவே தேவைப்படும். நாள் முழுவதும் வேலை செய்யும் ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பாட்டு ஊசியின் அளவை மருத்துவரிடம் போனில் கேட்டு மாற்றுங்கள். இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை சர்க்கரை பாருங்கள். சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் ஸ்ட்ரிப் ஒரு டப்பா வீட்டில் எப்போதும் இருக்கட்டும். உப்புப் போட்ட மோர், கஞ்சி, தண்ணீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். வாந்தி நிற்கவில்லை, கீட்டோன் கூடுகிறது, மூச்சு வாங்குகிறது, குழந்தை மந்தமாகிறது என்றால், இரவு எத்தனை மணியானாலும் கிளம்பிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: "குணமாகிவிட்டது" என்று தோன்றும் மாதங்கள்

இதை யாரும் எங்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஊசி தொடங்கிச் சில வாரங்களில் பல குழந்தைகளுக்கு இன்சுலின் தேவை மளமளவென்று குறையும். மிஞ்சியிருக்கும் செல்கள் ஓய்வு கிடைத்ததும் கொஞ்ச காலம் நன்றாகச் சுரக்கும். தேனிலவுக் காலம் என்று இதற்குப் பெயரே இருக்கிறது. சில மாதம் நீடிக்கும், சிலருக்கு ஒரு வருடத்தைக்கூடத் தாண்டும். பிறகு முடிந்துவிடும்.

சரியாக இந்த மாதங்களில்தான் உறவினர் யாராவது ஒரு பொடியோடும் ஒரு முகவரியோடும் வருவார்கள். நீங்கள் அந்தப் பொடியைக் கொடுப்பீர்கள், இன்சுலின் தேவை குறையும், பொடியால்தான் என்று தோன்றும். பொடி கொடுக்காத குழந்தைக்கும் அதேபோல்தான் குறைந்திருக்கும். "எங்கள் மருந்தில் டைப் 1 குணமானது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைகளில் பல இந்தக் காலத்தில் பிறந்தவை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை நம்பி ஊசியை நிறுத்தினால், தேனிலவு முடியும் நாளில் குழந்தை கீட்டோஅசிடோசிஸுக்குப் போகும். சொல்கிறவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். அன்பாகவே மறுத்துவிடுங்கள்.

ஆராய்ச்சிச் செய்தி எது வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். மனிதர்களிடம் சோதித்தார்களா, எலிகளிடமா? மருந்து எடுத்தவர்களை எடுக்காதவர்களோடு ஒப்பிட்டார்களா? எத்தனை காலம் தொடர்ந்து பார்த்தார்கள்? இந்த மூன்றுக்கும் நன்றாக விடை சொல்லும் ஓர் ஆய்வு அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை நடந்தது. டைப் 1 உள்ள 1441 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அன்றைய வழக்கமான சிகிச்சை. மற்றொன்றுக்கு நாளுக்குப் பல ஊசி, பல சோதனை. இரண்டாவது குழுவில் கண் பாதிப்பு புதிதாக வருவது 76 சதவீதம் குறைந்தது. கூடவே கடுமையான லோ சுமார் மூன்று மடங்கு கூடியது. இரண்டையும் மறைக்காமல் சொன்னார்கள். இன்று நாம் நாளுக்கு நாலு தடவை ஊசி போடுவதற்குப் பின்னால் இந்த ஆய்வு இருக்கிறது.

இப்போதைய ஆராய்ச்சியில் நம்பிக்கை தரும் ஒன்று டெப்லிசுமாப் என்ற மருந்து. நோய் முழுதாக வெளிப்படுவதற்கு முன்பே ரத்தத்தில் அடையாளம் தெரிந்தவர்களுக்கு, அது வருவதைச் சராசரியாக இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டது. 2022 நவம்பரில் அமெரிக்கா 8 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அனுமதித்தது. ஏற்கெனவே ஊசி போட்டுவரும் நம் குழந்தைகளுக்கான மருந்து அல்ல இது. நம் நாட்டிலும் வேலை நடக்கிறது: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2006 முதல் இளம் வயதினரின் சர்க்கரை நோய்க்கெனப் பதிவேடு நடத்துகிறது; 2022இல் டைப் 1க்கென்றே சிகிச்சை வழிகாட்டுதல் வெளியிட்டது. உங்கள் மருத்துவமனை ஏதாவது ஆய்வில் சேரச் சொன்னால் ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை உங்களுக்கு உண்டு.

பத்தாம் படி: பள்ளி

வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர் இருவரையும் நேரில் பாருங்கள். ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: லோ வந்தால் எப்படி இருப்பாள், என்ன கொடுக்க வேண்டும், யாரை அழைக்க வேண்டும். லோவான குழந்தையைத் தனியாக மருந்து அறைக்கு அனுப்பக் கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் எழுதுங்கள். வகுப்பு நடக்கும்போதும் சாப்பிடவும் கழிப்பறை போகவும் அனுமதி கேளுங்கள். சிபிஎஸ்இ 2017இலேயே டைப் 1 மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் தின்பண்டமும் தண்ணீரும் கொண்டுபோக அனுமதித்தது. வேறு பாடத்திட்டமானால் மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியரிடம் தேர்வுக்கு வெகு முன்னதாகவே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பதினோராம் படி: மூன்று மாதத்துக்கு ஒரு முறை

எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும். 7 சதவீதத்துக்குக் கீழே என்பது பொதுவான இலக்கு. அடிக்கடி லோ வரும் குழந்தைக்கு மருத்துவர் கொஞ்சம் தளர்த்துவார். உயரம், எடை ஒழுங்காகக் கூடுகிறதா என்று பாருங்கள். தைராய்டு சோதனையும், நோய் வந்து சில வருடம் ஆனதும் ஆண்டுதோறும் கண், சிறுநீர்ச் சோதனையும் விடாமல் செய்யுங்கள்.

பன்னிரண்டாம் படி: கையை மெல்ல விடுவது

வயதுக்கு வரும் பருவத்தில் ஹார்மோன்களால் இன்சுலின் தேவை வெகுவாகக் கூடும். பிள்ளை ஏமாற்றுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். பெண் பிள்ளைகள் உடல் இளைக்கவேண்டும் என்று ஊசியைத் தவிர்ப்பதும் உண்டு; திடீரென இளைத்து, எச்பிஏ1சி ஏறினால் கோபப்படாமல் பேசுங்கள். "இவளை யார் கட்டிக்குவாங்க?" என்ற பேச்சை அவள் காதுபட யாரையும் பேச விடாதீர்கள். நல்ல கட்டுப்பாட்டோடு கல்யாணம் செய்து குழந்தை பெற்ற டைப் 1 பெண்கள் எத்தனையோ பேர்.

10 வயதில் அவள் தானே விரலைக் குத்தினாள். 12 வயதில் தானே ஊசி போட்டாள். எல்லாவற்றையும் ஒரேயடியாக அவளிடம் ஒப்படைத்த ஒரு கோடை விடுமுறையில் எண்கள் தாறுமாறாகப் போயின. அப்புறம் ஊசி அவள் போடுவாள், கணக்கை இரவில் இருவரும் சேர்ந்து பார்ப்போம் என்று வைத்துக்கொண்டோம். இப்போதும் அப்படித்தான்.

போன மாதம் பள்ளியில் இரண்டு நாள் சுற்றுலா போனாள். இன்சுலின், மீட்டர், ஸ்ட்ரிப், குளுக்கோஸ் எல்லாவற்றையும் இரண்டு செட்டாகப் பிரித்தோம். ஒன்று அவள் தோள்பையில், மற்றொன்று தோழியின் பையில். லோ வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தோழிக்கு அவளே சொல்லிக் கொடுத்திருந்தாள். முதல் நாள் இரவு பத்து மணிக்கு எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: "142. சாப்பிட்டாச்சு. தூங்குங்கம்மா."